பதினோரு மணி முத்திரை

எங்கள் கெஸ்லர் மாவட்டத்தில் நிலத்தில் எதையும் பயிரிடாமல் இருப்பதற்கும் அரசாங்கம் பணம் கொடுக்கிறது. எதையும் பயிரிடவில்லை என்று காட்டுவதற்காக நிரப்ப வேண்டிய படிவங்களைப் பார்த்தால், பேசாமல் மக்காச்சோளத்தையே விதைத்திருக்கலாம் என்று தோன்றும். என் தம்பி லாடி அப்படித்தான் சொல்வான். அவனுக்குப் படிவங்கள் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். கட்டங்களுக்குள் எழுதுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

ஹால்வர்சன் அவர்களே, லிங்கன் நகரிலிருந்து இவ்வளவு தூரம் காரோட்டி வந்திருக்கிறீர்கள். முதலில் ஒரு கொலாச் பன் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தட்டில் இருப்பவை கசகசா வைத்துச் சுட்டவை, அந்தத் தட்டில் இருப்பவை பிளம் வைத்தவை. தணிக்கைக்கு வந்த இடத்தில் சாப்பிடக் கூடாது என்று உங்களுக்கு விதி இருந்தால் வற்புறுத்த மாட்டேன். விதிகளை மதிப்பவள் நான்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. என் தம்பி லாடிஸ்லாவ் குசெரா இறந்துவிட்டதாகவும், இனி நிலத்துக்கு நான் ஒருத்தியே உரிமையாளர் என்றும் பண்ணை அலுவலகத்துக்கு நான் கொடுத்த படிவத்தில் காலை பதினொன்று ஐந்துக்கு முத்திரை விழுந்திருக்கிறது. இறப்புச் சான்றிதழோ பிற்பகல் ஒன்று ஐம்பது என்கிறது. இது எப்படி என்று கேட்டீர்கள். மிகவும் நியாயமான கேள்வி. மூன்று ஆண்டுகளாக இதை யாரும் கேட்கவில்லை என்பதில் எனக்கே சற்று வியப்புத்தான். இறந்தவர்களின் பெயருக்கு இன்னும் மானியம் போகிறதா என்று பார்க்கத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். அந்த வகையில் என் கோப்பில் நீங்கள் குறை காண முடியாது. மற்றவர்கள் இறந்தவர்களைக் காகிதத்தில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கிறார்கள். நான் மூன்று மணி நேரம் முந்திவிட்டேன், அவ்வளவுதான்.

ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது லாடிக்கும் எனக்கும் நியாயமாக இருக்காது. முக்கியமாக, அலுவலகத்தில் முத்திரை குத்திய டார்லீனுக்கு நியாயமாக இருக்காது. அவள்மீது எந்தத் தவறும் இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நன்றி.

அந்தச் சன்னலுக்கு வெளியே தெரிகிறதே, அதுதான் எங்கள் நிலம். நூற்று அறுபது ஏக்கர். அப்பா அதை எங்கள் இருவர் பெயருக்கும் சேர்த்து எழுதி வைத்தார். ஒருவர் போய்விட்டால் முழுவதும் மற்றவருக்கு வரும். நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. வழக்கறிஞர் உயிலைப் படித்துக் காட்டிய அன்று லாடி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஆல்பி, இனிமே உன் கையால காபி வாங்கிக் குடிக்கும்போது மோந்து பாத்துத்தான் குடிக்கணும்" என்றான். வழக்கறிஞர்கூடச் சிரித்தார். என் தம்பி எல்லோரையும் சிரிக்க வைப்பவன்.

நாங்கள் இருவருமே திருமணம் செய்துகொள்ளவில்லை. நான் ஜிஷ்கா ஊர்ப் பள்ளியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் மொழிப்பாடம் நடத்தினேன். இந்த மாவட்டத்தில் ஐம்பது வயதுக்குக் கீழே யார் இருந்தாலும் எழுத்துப்பிழைக்காக அவர்களை ஒருமுறையாவது நான் நிற்க வைத்திருப்பேன். அதனால் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். லாடி மணற்குழிகளில் லாரி ஓட்டினான். மாலையில் வீட்டுக்கு வந்து, நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இல்லை என்று சொல்லி இரண்டாம் முறை வாங்கிக்கொள்வான்.

எங்கள் நிலம் சரிவானது. அப்பா உழுத காலத்தில் ஒவ்வொரு மழைக்கும் மண் ஓடைக்குப் போய்விடும். அப்படிப்பட்ட நிலங்களை உழாமல் புல்லுக்கு விட்டால் ஆண்டுதோறும் பணம் தருவதாக அரசாங்கம் சொன்னபோது நாங்கள் பத்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டோம். பிறகு இன்னொரு பத்து. புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. ஓடை தெளிந்தது. பிறகு புல்வெளிக் கோழிகள் வந்தன. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஏப்ரல் மாதத்து விடியற்காலையில் சேவல்கள் கழுத்தில் ஆரஞ்சு நிறப் பையை ஊதிக்கொண்டு, காலால் தரையைத் தட்டி ஆடும். லாடிதான் அதை முதலில் பார்த்துவிட்டு என்னை எழுப்பினான். "பாரு ஆல்பி, மைலோ அவன் பொண்ணு கல்யாணத்துல ஆடுன மாதிரியே இல்ல?" என்றான். அப்படியேதான் இருந்தது. மைலோ எங்கள் பக்கத்து நிலத்துக்காரர், ஊர்த் தீயணைப்புக் குழுவின் தலைவர், கனத்த உடம்பு. அன்றிலிருந்து அந்தக் கோழிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மைலோ நினைவுக்கு வருவார். ஆண்டில் என் மிக மகிழ்ச்சியான மாதம் ஏப்ரல்தான். இப்போதும்தான்.

தொல்லை இணையத்திலிருந்து வந்தது. யார் எவ்வளவு மானியம் வாங்கினார்கள் என்பதை இப்போது பெயரோடும் தொகையோடும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் காலையில் காபி குடிக்க ஒன்றுசேரும் ஆண்களுக்கு அதுதான் செய்தித்தாள். அங்கே நடப்பதை லாடி வீட்டில் அப்படியே நடித்துக் காட்டுவான்.

"என்ன லாடி, இந்த வருஷம் அறுவடை எப்படி?" என்பார் மைலோ.

"எனக்கு ஏதுய்யா அறுவடை?"

"அதான் கேக்குறேன். புல்லு நல்லபடியா சும்மா இருந்துச்சா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"சும்மா இருக்கிறது லேசுன்னு நெனச்சியா? ஒரு நாள் நீ இருந்து பாரு. உன் பொண்டாட்டி உன்னை விளக்குமாத்தாலயே உழுதுருவா."

பல ஆண்டுகளுக்கு இந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. பிறகு மக்காச்சோளத்தின் விலை புஷலுக்கு ஏழு டாலர் வரை ஏறியது. ஊரில் எல்லோரும் வேலி வரை, சாலையோர வாய்க்கால் வரை, கல்லறைத் தோட்டத்து மதில் வரை விதைத்தார்கள். புது லாரிகள் வந்தன. அதே கேள்வியை அதே ஆட்கள் கேட்டார்கள். ஆனால் இப்போது சிரிப்பு கொஞ்சம் நீண்டது. லாடி வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டான்.

அந்த ஆண்டு எங்கள் ஒப்பந்தம் முடிய இருந்தது. மேலும் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணி கடைசி. இரண்டு உரிமையாளர்களும் கையெழுத்துப் போட வேண்டும். மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை, முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டே லாடி சொன்னான்:

"ஆல்பி, இந்தத் தடவ நான் கையெழுத்துப் போடப்போறதில்ல."

"ஏன்டா?"

"அறுபத்தோரு வயசாச்சு. என் நிலத்துல ஒரு தடவையாவது ஏதாவது வெளஞ்சுதுன்னு இருக்க வேணாமா?"

"நீயா உழப்போற? யாருக்காவது குத்தகைக்குத்தான விடப்போற."

"விட்டா என்ன? நிக்கிறது என் நிலத்துச் சோளம்தான. மைலோ வாய மூடுவான்ல."

நான் வாதாடவில்லை. வாதாடும் பழக்கம் எனக்கு இல்லை. மறுநாள் முதல் புதுப்பிக்கும் படிவத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேனாவோடு வைத்தேன். அவன் அதன்மீது காபிக் கோப்பையை வைத்தான். வட்டமாகக் கறை விழுந்த படிவத்தை அலுவலகத்தில் கொடுப்பது மரியாதை ஆகாது என்பதால் வேறு படிவம் வாங்கப் போனேன். பண்ணை அலுவலகம் ஐந்து மைல்தான். டார்லீன் என்னிடம் படித்தவள். முகப்பில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். மூன்றாவது முறை போனபோது சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"என்ன டீச்சர், லாடி இன்னும் வீட்டுப்பாடம் முடிக்கலையா?"

"முடித்துவிடுவான் அம்மா," என்றேன்.

"முட்டி போட வைங்க டீச்சர். என்னை வெச்சீங்கல்ல?"

ஐந்து முறை அப்படிப் போனேன். ஆறாவது முறை, கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பு, வேறொரு படிவத்தைக் கேட்டேன். உரிமையாளர்களில் ஒருவர் இறந்துவிட்டால் மற்றவர் கொடுக்க வேண்டிய படிவம். டார்லீன் உள்ளறையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள்.

"இது யாருக்கு டீச்சர்? யாராவது போயிட்டாங்களா?"

"எனக்குத் தெரிந்த ஒருவருக்கு," என்றேன். பொய் சொல்லவில்லை.

நான் அவசரப்பட்டதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. இரண்டு படிவங்களையும் ஒரு வாரம் மேசையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். லாடி கையெழுத்துப் போட மாட்டான் என்றால் அந்த வசந்தத்திலேயே கலப்பை இறங்கிவிடும். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் நிலத்தைத் தயார்செய்ய அனுமதி உண்டு. இருபது ஆண்டுப் புல், கோழிகள் ஆடும் மேடு, தெளிந்த ஓடை, எல்லாம் நான்கு நாட்களில் போய்விடும். அதற்கு எதிராக ஒரு மனிதன். அவன் இருதயத்துக்கும் மருத்துவர் ஏற்கெனவே மாத்திரை கொடுத்திருந்தார். இப்படித்தான் எடை போட்டேன். மாணவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்: முடிவுக்கு வருவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் எழுதிப் பாருங்கள் என்று.

புல்லை எரிப்பது பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தக் காலத்தில் ஒருமுறை நிலத்தை எரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று நீங்களே விதி வைத்திருக்கிறீர்கள். மே முதல் தேதிக்குப் பிறகு பறவைகள் முட்டையிடும் காலம், எரிக்கக் கூடாது. அதனால் அந்த ஏப்ரல்தான் கடைசி வாய்ப்பு. லாடியிடம் சொன்னவுடன் ஒப்புக்கொண்டான். எரிந்த நிலத்தை உழுவது சுலபம் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். ஒரே தீ, இருவருக்கும் இரண்டு காரணம். பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலைக்குத் திட்டம் போட்டோம். அந்த வாரம் முழுவதும் வீட்டில் கலகலப்பு.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை அழகாக விடிந்தது. தெற்கிலிருந்து மிதமான காற்று. லாடி தீக்கேன்களில் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தபோது நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். இறந்தவர் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. நல்ல வேளையாக இறந்த நேரத்துக்கு அதில் கட்டம் இல்லை. புதுப்பிக்கும் படிவத்திலும் ஒரே உரிமையாளராக நான் மட்டும் கையெழுத்திட்டேன். ஒன்பதரைக்குத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். எங்கள் பக்கத்தில் இது கட்டாயமான மரியாதை. புகையைப் பார்த்துவிட்டு யாராவது பயந்து கூப்பிட்டால் வண்டியை அனுப்பிவிடுவார்கள் இல்லையா? அதனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

"குசெரா நிலத்தில் இன்று புகை தெரியும். ஐந்து மணி வரை வண்டி அனுப்பத் தேவையில்லை," என்றேன்.

"சரிங்க டீச்சர். நல்லா எரியட்டும்," என்றாள் போனில் பேசிய பெண்.

பிற்பகலில் சாலையில் போன ஒருவர், புகை மிகவும் கறுப்பாக இருக்கிறது, யாரோ கத்துவது போலவும் கேட்டது என்று நிலையத்துக்குப் போன் செய்து சொன்னாராம். அந்தப் பெண் அவரிடம் மிகவும் பணிவாக, அது அனுமதி வாங்கிய புகை என்று சொல்லியிருக்கிறாள். நன்றாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

ரொட்டி வாங்க ஊருக்குப் போன வழியில் பண்ணை அலுவலகக் கதவருகே இருக்கும் இரும்புப் பெட்டியில் இரண்டு படிவங்களையும் போட்டேன். அப்போது பத்தே முக்கால். பதினோரு மணிக்குப் பெட்டியைத் திறப்பார்கள். கடைசி நாள் என்பதால் அன்று நாற்பது, ஐம்பது பேருடைய தாள்கள் இருந்திருக்கும். டார்லீன் எல்லாவற்றிலும் முதலில் முத்திரையைக் குத்தி அடுக்கி வைத்துவிட்டாள். படித்தது திங்கட்கிழமை. அதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. தேதியும் சரியாகத்தான் இருந்தது. என் படிவத்தின் மீது அவள் கண்ணீர் விழுந்து ஓரிடத்தில் மை கலைந்திருக்கிறது. உங்கள் பிரதியில் அது தெரிகிறதா?

ஏன் காலையிலேயே கொடுத்தேன் என்றால், அன்று மாலை எனக்கு நேரம் இருக்காது என்று தெரியும். மருத்துவர் வருவார், ஷெரிஃப் வருவார், பாதிரியார் வருவார், அண்டை வீட்டார் உணவு கொண்டு வருவார்கள். அவர்களை எல்லாம் உட்கார வைத்துவிட்டு நான் அலுவலகத்துக்கு ஓட முடியுமா? நாலரை மணி என்றால் நாலரைதான். ஒரு நிமிடம் தாமதமாகி மூன்று தலைமுறை நிலத்துக்கான பணத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும். இந்த மாவட்டத்தில் கடைசித் தேதியை நம்பி யாரும் காத்திருப்பதில்லை.

நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இதுதான். காலை பதினொன்று ஐந்துக்கு அந்தப் படிவத்தில் ஒரு வரி பொய். மாலை நாலரைக்கு அலுவலகம் மூடியபோது எல்லா வரிகளும் உண்மை. விதிப்படி எந்த நேரத்தின் நிலவரத்தைக் கணக்கில் எடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசி நேரத்தின் நிலவரத்தைத்தான் என்றே நான் புரிந்துகொண்டேன்.

மதியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மைலோவும் அவருடைய மருமகனும் தண்ணீர்த் தொட்டிகளோடு வடக்கு எல்லைக்குப் போனார்கள். காற்று போகும் பக்கம் அது. அங்கே முதலில் ஒரு பட்டையை மெதுவாக எரித்துக் கருக்கிவிட்டால், தெற்கிலிருந்து வைக்கும் பெரிய தீ ஓடிவந்து அந்தக் கரிப்பட்டையில் முட்டி அணைந்துவிடும். இடையில் மேடு இருப்பதால் வடக்கில் நிற்பவர்களுக்குத் தெற்குப் பக்கம் தெரியாது. போகும்போது மைலோ என் கூடையிலிருந்து மூன்று கொலாச்சை எடுத்துக்கொண்டார்.

"டீச்சர், பெரிய தீ வைக்கிறது நீங்களா? பாத்து, தாடி கருகிடப்போகுது," என்றார்.

"எனக்குத் தாடி இல்லை, மைலோ."

"லாடி தாடியச் சொன்னேன். அவன் பின்னாடியே நின்னு உங்களுக்குப் பாடம் எடுப்பானே."

நானும் லாடியும் தெற்கு எல்லையில், லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டோம். பன்றித் தொடை இறைச்சி வைத்த ரொட்டி, ஊறுகாய், காபி. காபியை அவன் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தான். அது அவனுடைய பழைய நகைச்சுவை. இன்னொரு முறை கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தான்.

பிறகு அவனுக்கு நாற்காலியை நினைவூட்டினேன். நிலத்தின் நடுவே ஓடும் பள்ளத்தில் மான் வேட்டைக்காக அவன் ஒரு மரமேடை கட்டியிருந்தான். அதன்மேல் ஒரு சாய்வு நாற்காலி. ஏலத்தில் ஆறு டாலருக்கு எடுத்தது. கயிறு கட்டி அதை ஏற்றியது அவனுடைய வாழ்நாள் சாதனை. நவம்பர் மாதம் முழுவதும் அதில் படுத்துக் குறட்டை விடுவான். இருபது ஆண்டுகளில் அவன் சுட்ட மான்கள் இரண்டு.

"மேடையோடு உன் நாற்காலியும் எரிந்துவிடுமே," என்றேன்.

நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயையோ, அத மறந்தே போயிட்டேன். இரு ஆல்பி, பத்து நிமிஷத்துல உருட்டிக்கிட்டு வந்துடறேன். நான் தொப்பியத் தூக்கிக் காட்டுறவரைக்கும் வெக்காத."

அது எங்கள் வழக்கம். உள்ளே போனவர் எல்லைக்கு வெளியே வந்து தொப்பியைத் தூக்கிக் காட்டாமல் பெரிய தீயை வைக்கக் கூடாது. விசாரணையின்போது, "அவர் தொப்பியைக் காட்டினாரா?" என்று கேட்டார்கள். "எனக்குச் சரியாகத் தெரியவில்லை, புகையாக இருந்தது," என்றேன். இந்த முழு விஷயத்திலும் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். புகை அப்போது இன்னும் வரவில்லை. அவன் தொப்பி புல்லுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது நன்றாகத் தெரிந்தது. அது பள்ளத்தில் இறங்கியதும் நான் கேனைக் கவிழ்த்துக்கொண்டு எல்லையோரமாக நடக்க ஆரம்பித்தேன். அதன் நுனியிலிருந்து எரியும் எண்ணெய் சொட்டும். ஒரே சீராக நடக்க வேண்டும், ஓடக் கூடாது. அந்த உயரப் புல்லில் தீ குதிரையை விட வேகமாகப் போகும். பள்ளம் கிடைத்தால் இன்னும் வேகம். அவன் ஒருமுறை கூப்பிட்டான். "ஆல்பி, இரு" என்றோ என்னவோ. நான் நடக்க வேண்டிய தூரம் இன்னும் பாதி இருந்தது.

நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. மைலோ என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "காத்து திரும்பிடுச்சு டீச்சர், உங்க மேல தப்பு இல்ல," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காற்று திரும்பவே இல்லை. ஆனால் அவர் அவ்வளவு அன்போடு சொல்லும்போது திருத்துவது நன்றாக இருக்காது.

மறு வசந்தத்தில் புல் பிரமாதமாக வந்தது. கோழிகள் முன்பைவிட அதிகம். நீங்கள் காலை ஐந்தரைக்கு இங்கே இருக்க முடியுமானால் காட்டுகிறேன். தானியக் கிடங்கில் இப்போது யாரும் என் மானியத்தைப் பற்றிக் கேலி பேசுவதில்லை. எல்லோரும் எழுந்து நாற்காலி கொடுக்கிறார்கள்.

மன்னிக்கவும், கேள்வியை இன்னொரு முறை சொல்ல முடியுமா?

ஆம். அவன் கையெழுத்துப் போட மறுத்ததுதான் காரணம் என்றால், மதிய உணவின்போது ஒருவேளை அவன் போட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்கிறீர்கள். இதையும் இதுவரை யாரும் கேட்கவில்லை. இளைஞராக இருந்தாலும் வேலையில் கவனமாக இருக்கிறீர்கள். ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த இழுப்பறையிலிருந்து எடுத்துத் தருகிறேன்.

இதோ. புதுப்பிக்கும் படிவம்தான். இரண்டு கையெழுத்துகளும் இருக்கின்றன. இரண்டாவது அவனுடையது. பக்கத்தில் தேதியும் ஒன்று இருபது என்று நேரமும் எழுதியிருக்கிறான். ஓரத்தில் இருப்பது கடுகுச் சட்னிக் கறை, மன்னிக்கவும்.

சிரித்தான் என்று சொன்னேன் இல்லையா? சிரித்துவிட்டு, "சரி குடு டீச்சரம்மா. அவங்க கேலி பண்ணட்டும், இன்னும் பத்து வருஷம் சும்மா இருந்துட்டுப் போறேன்," என்றான். லாரியின் பலகையில் வைத்தே போட்டான். "மைலோ கேட்டா நீ அடிச்சு வாங்கிட்டேன்னு சொல்லிடு," என்றான். வருகிற நவம்பருக்கும் வேட்டை இருக்கிறது என்றுதான் நாற்காலியைக் காப்பாற்ற அவ்வளவு ஆவலாகப் போனான்.

புல்லும் கோழிகளும் அந்த ஒன்று இருபதுக்கே பிழைத்துவிட்டன. அது எனக்கும் புரிந்தது. ஒரு கையில் அவன் கையெழுத்தோடும் மறு கையில் தீக்கேனோடும் நின்று, அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். நாலரைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டு, லாரியை எடுத்துக்கொண்டு போய், டார்லீனிடம் காலையில் போட்ட தாளைத் திரும்பக் கேட்டிருக்கலாம். ஆனால் முத்திரை விழுந்துவிட்டது. அதை ரத்து செய்ய வேறொரு படிவம் வேண்டும். அதில் காரணம் எழுத வேண்டும். கடைசி நாள் வேறு, வாசல் வரை வரிசை நின்றிருக்கும். அத்தனை பேர் முன்னால் அவள் என்னைப் பார்த்து, "என்ன டீச்சர், லாடி சாகலையா?" என்று கேட்டிருப்பாள்.

அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு சிரமம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.